‘பார்க்க ஒன்றுமில்லாத’ கோத்தகிரி

நீலகிரிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களிடம், கோத்தகிரியில் இரண்டு நாள் தங்கலாமே என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: அங்கே பார்க்க என்ன இருக்கிறது? மூன்று நாள் பயணத் திட்டத்தில் ஊட்டிக்குப் பாதிக்கு மேல் போய்விடும். குன்னூருக்கு ஒரு பொழுது, பைக்காராவுக்கு ஒரு பொழுது. கோத்தகிரி கடைசியில் வரும், இறங்குகிற வழியில் டீ குடிக்க நிற்கிற இடமாக. சீசன் நாட்களில் போக்குவரத்து ஏற்பாடே இதை உறுதிப்படுத்திவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டிகள் பர்லியாறு, குன்னூர் வழியாக ஏற வேண்டும், இறங்குகிறவை கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். இப்படி ஊட்டியின் பின்வாசலாகவே ஒரு ஊர் எண்ணப்பட்டுவிட்டதால், அதற்கு ஒரு குறை இருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்ற பேச்சு உள்ளூரிலும் எழுகிறது. படகு விடலாம், ஜிப்லைன் போடலாம், கோடநாட்டில் கண்ணாடிப் பாலம் கட்டலாம், அப்போதுதான் கூட்டம் வரும், கூட்டம் வந்தால்தான் பிழைப்பு வரும் என்கிறார்கள். பயணியின் சலிப்பும் ஊர்க்காரரின் ஆசையும் நிற்கிற அடித்தளம் ஒன்றுதான்: ஒரு மலையூரின் மதிப்பு அங்கே உள்ள ‘பாயின்ட்’களின் எண்ணிக்கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறு. அதன்மேல் கட்டப்படும் திட்டங்கள் எதை வளர்ப்பதாகச் சொல்கின்றனவோ அதையே அழிப்பவை.

பாயின்ட் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். கோத்தகிரிப் பட்டியலில் கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் அருவி, எல்க் அருவி, ரங்கசாமி சிகரம், கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவனின் பழைய பங்களா ஆகியவை வரும். காரில் சுற்றினால் ஒரே பகலில் முடிந்துவிடும் என்பது உண்மை. அரவேணுவை அடுத்த கேத்தரின் அருவியையோ முழுதாகப் பார்க்கக் குன்னூர்ப் பக்கத்து டால்பின் நோசுக்குத்தான் போக வேண்டும். ஆகவே காரில் வந்து, இறங்கி, படம் எடுத்து, அடுத்த இடத்துக்குப் போகிறவருக்குக் கோத்தகிரி ஏமாற்றந்தான். ஆனால் மலைக்குப் போவது அதற்காகத்தானா? சமவெளியின் வெயிலிலும் இரைச்சலிலும் வேலை பார்க்கிற மனிதருக்கு மலை தரக்கூடியவை காலார நடக்க இடம், நடந்தால் வியர்க்காத குளிர், வண்டிச் சத்தம் கேட்காத தூரம், கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. இந்த நான்கையும் வைத்து அளந்தால் நீலகிரியில் கோத்தகிரி வட்டாரத்துக்கு நிகராகச் சொல்ல அதிக இடங்கள் இல்லை. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் என்பதால் ஊட்டியின் நடுக்கும் குளிர் இங்கே இல்லை. 2011 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை முப்பதாயிரத்துக்கும் குறைவு. கடைத்தெருவைத் தாண்டிக் கால் மணி நேரம் நடந்தால் தேயிலைத் தோட்டத்துக்குள் போய்விடலாம்.

அந்தத் தோட்டத்துக்குள் இருக்கும் பாதைகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தேயிலைச் செடிகள் இடுப்பளவில் சீராக வெட்டப்பட்டிருக்கும். நடுவே ஒருவர் மட்டும் போகிற அகலத்தில் ஒற்றையடித் தடம். இலை பறிக்கிற பெண்கள் முதுகில் மூட்டையோடு ஏறி இறங்குவதற்காக ஏற்பட்ட தடம் அது. சரிவு செங்குத்தாகும் இடத்தில் கல் பதித்த படி இருக்கும். ஓடை குறுக்கிடும் இடத்தில் ஒரு பலகையோ பாறையோ கிடக்கும். சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே ஏறி, ஒரு படுகர் ஊரின் விளிம்பைத் தொட்டு, கேரட்டும் முட்டைக்கோசும் போட்ட படிவயல்களைச் சுற்றிக்கொண்டு, அடுத்த ஊரின் பேருந்து நிறுத்தத்தில் போய் முடியும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் ரேஷன் கடைக்குப் போகிறவர்களும் தலைமுறைகளாக மிதித்து மிதித்துப் பழக்கிய வழி. சுற்றுலாத் துறை இப்படி ஒரு நடைபாதை வலையைப் புதிதாக அமைக்க நினைத்தால் எத்தனை கோடி தேவைப்படும்! இங்கே அது ஏற்கெனவே இருக்கிறது, பயன்பாட்டிலும் இருக்கிறது. கைகாட்டியும் டிக்கெட்டும் இல்லாததால் அது யாருடைய பட்டியலிலும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது லாங்வுட் சோலை. வெறும் 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் நெருக்கி நிற்க, நடுவில் தப்பிப் பிழைத்த பழைய சோலைக்காட்டுத் துண்டு. 2024 ஜனவரியில் இது ராம்சார் பட்டியலில், பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை இனங்களில் 14 இங்கே காணப்படுகின்றன. நீலகிரிக் காட்டுப்புறாவும் நீலகிரிச் சிரிப்பானும் அவற்றில் அடங்கும். ஒரு காட்டை ஏன் ஈரநிலம் என்கிறார்கள் என்று கேட்டால் விடை காலடியிலேயே இருக்கிறது. மரங்கள் குட்டையாக, கிளைகள் பின்னி, பாசி போர்த்து நிற்கின்றன. கீழே இலைச்சருகு மெத்தையாகக் கிடக்கிறது. பெய்கிற மழை ஓடிவிடாமல் அந்தச் சருகிலும் அதன் அடியில் உள்ள கறுத்த மண்ணிலும் ஊறி, ஊற்றாகக் கசிந்து, கோடையிலும் சுற்றுவட்டார ஊர்களுக்குக் குடிநீராகப் போகிறது. இந்தக் காட்டில் மெதுவாக ஒரு மணி நேரம் நடக்கிற ஒருவர், எந்தப் பொழுதுபோக்குப் பூங்காவும் தர முடியாத ஒன்றைப் பெறுகிறார். அது கிடைப்பதற்கான நிபந்தனையோ, அந்தக் காட்டுக்கு எதுவும் செய்யாமல் இருப்பது.

கோத்தகிரி பின்தங்கிவிட்டது என்கிற வரலாற்று வாதமும் ஒன்று உண்டு. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் மலையேறி வந்து முதலில் தங்கியது கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டியில்தான். சில ஆண்டுகளில் அவர் கவனம் உதகை பக்கம் திரும்பியது. ஏரி வெட்டப்பட்டது, பங்களாக்கள் எழுந்தன, அதிகாரமும் பணமும் அங்கே போயின. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் ரயில் போனது, கோத்தகிரிக்கு வரவில்லை. முதலில் தொடங்கியும் கடைசியில் நிற்கிறதே என்று வருத்தப்படுகிறவர்கள், முந்திச் சென்ற ஊரின் இன்றைய நிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கின்படி, சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைந்தன. மொத்த மாவட்டத்தின் மக்கள்தொகையே 2011-இல் ஏழரை லட்சத்துக்கும் குறைவு. நீதிமன்றம் தலையிட்டு அந்த ஆண்டு மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலிலிருந்து வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தது. வளர்ச்சியின் முன்மாதிரியாகக் காட்டப்படுகிற ஊருக்குள் நுழையவே அனுமதிச் சீட்டு தேவைப்படுகிற நிலை வந்துவிட்டது. அந்தப் பாதையில்தான் நாமும் போக வேண்டும் என்று இன்னொரு ஊர் கேட்பது எந்த அனுபவத்திலிருந்து கற்ற பாடம்?

கூட்டம் வந்தால் பிழைப்பு வரும் என்ற வாதத்தில் கூட்டத்துக்கும் பிழைப்புக்கும் நடுவே ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது: வருகிறவர் எவ்வளவு நேரம் இருக்கிறார், யாரிடம் செலவழிக்கிறார்? கண்ணாடிப் பாலத்துக்கு வருகிறவர் ஒரு மணி நேரம் இருப்பார். நுழைவுக் கட்டணம் குத்தகைதாரருக்குப் போகும். வெளியே ஒரு டீ, ஒரு சோளம், பார்க்கிங் சீட்டு, அதோடு சரி. இரவுத் தங்கல் ஊட்டியில் ஏற்கெனவே முன்பதிவாகியிருக்கும். நடக்க வருகிறவரோ காலையில் ஒரு பாதை, மறுநாள் இன்னொரு பாதை என்று போவதால் தங்கியே ஆக வேண்டும். மூன்று வேளை சாப்பிட வேண்டும். வழிகாட்ட ஒருவர், திரும்பிவர ஒரு ஆட்டோ, ஊருக்குத் திரும்பும்போது தேயிலைத்தூள், தேன், மிளகு எல்லாம் வேண்டும். இந்தப் பணம் சிறு லாட்ஜ், மெஸ், ஆட்டோக்காரர், பழங்குடி இளைஞர் என்று பல கைகளுக்குப் பிரிந்து போகும். மலைத்தேன் விஷயத்தில் கோத்தகிரி ஏற்கெனவே ஒரு பாதை காட்டியிருக்கிறது. இங்கிருந்து இயங்கும் கீஸ்டோன் பவுண்டேஷன் தேன் எடுக்கிற பழங்குடியினரோடு முப்பது ஆண்டுகளாக வேலை செய்துவருகிறது. காட்டை நம்பிய தொழிலுக்கும் விலை கிடைக்கும் என்பதற்கு அது ஒரு சான்று. நூறு கார்கள் ஒரு மணி நேரம் நின்று போவதைவிட இருபது பேர் இரண்டு இரவு தங்குவது ஊருக்குப் பயன் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. அந்த நூறு கார்கள் நிற்க இடம் ஒதுக்குவது, குப்பையை அள்ளுவது, கழிப்பறைக்குத் தண்ணீர் கொண்டுவருவது எல்லாம் ஊரின் தலையில்தான் விழும்.

நிற்க இடம் ஒதுக்குவது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மலையில் சமதளம் கிடையாது. நூறு கார் நிற்க வேண்டுமானால் சரிவை வெட்ட வேண்டும், வெட்டிய மண்ணைக் கீழே தள்ள வேண்டும், மழைநீர் போகிற வழியை மறிக்க வேண்டும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர். இப்படிப்பட்ட மழை இனி வராது என்று யாரும் உறுதி தர முடியாது. 2024 ஜூலை 30 அதிகாலையில் பக்கத்து வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போனதைப் பார்த்தோம். ஒவ்வொரு சரிவுக்கும் கட்டடமே காரணம் என்று சொல்ல முடியாது. காடாக இருந்த சரிவுகளும் சரிந்திருக்கின்றன. ஆனால் சரியக்கூடிய இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு கட்டியிருக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிற விஷயம். இயற்கையின் சீற்றம் என்று தலையெழுத்தின்மேல் போட்டுவிட்டு அதே சரிவில் அடுத்த பார்க்கிங்குக்கு மண் வெட்டுவதை மன்னிக்கவே முடியாது.

போக்குவரத்துக்கும் இது பொருந்தும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் குஞ்சப்பனை. கோடை தொடங்கிப் பலா பழுக்கிற மாதங்களில் யானைகள் அந்தச் சாலையோரத்துக்கு வரும், கடக்கும், சில நாள் அங்கேயே நிற்கும். அதே கோடையில்தான் ஊட்டியின் மொத்தக் கூட்டமும் அந்தச் சாலையில் இறக்கிவிடப்படுகிறது. இப்போதே இப்படி. கோத்தகிரிக்கென்று தனியாக ஒரு கூட்டத்தை இழுக்கிற திட்டம் வந்தால், இறங்குகிற கூட்டத்தோடு ஏறுகிற கூட்டமும் சேரும். யானைக்கு வேறு பலாமரம் எங்கே இருக்கிறது?

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். அவற்றில் கனமானது தேயிலை விவசாயியுடையது. பச்சைத்தேயிலைக்குக் கட்டுபடியான விலை இல்லை. 2023-இல் அதற்காக இந்த வட்டாரத்தில் உண்ணாவிரதமே நடந்தது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற குடும்பத்தின் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். அவர்களிடம் போய் அமைதியின் அருமையைப் பேசுவது வயிறு நிறைந்தவர் பேச்சு என்று கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்கு முழு நியாயம் உண்டு. ஆனால் பச்சைத்தேயிலை விலை விழுவது ஏல முறையிலும் தொழிற்சாலைகள் தரும் விலையிலும் அரசின் விலைக் கொள்கையிலும் உள்ள கோளாறு. ஜிப்லைன் அதைத் தீர்க்காது. மாறாக, சுற்றுலாக் கட்டடத்துக்கு நிலத்தின் விலை ஏறினால், நட்டத்தில் இருக்கிற விவசாயி செய்யக்கூடியது ஒன்றுதான், விற்றுவிட்டுப் போவது. வாங்குகிறவர் வெளியூர்க்காரர். அதன்பின் அந்தக் குடும்பத்துப் பிள்ளை, தன் தாத்தாவின் தோட்டம் இருந்த இடத்தில் எழும் ரிசார்ட்டில் அறை துடைக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதையும் வேலைவாய்ப்பு என்றே அறிக்கையில் எழுதுவார்கள். தோட்டத்தை வைத்துக்கொண்டே, வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டு, தன் தேயிலையைத் தானே பொட்டலம் போட்டு விற்கிற வாய்ப்பைத்தான் நடை சார்ந்த சுற்றுலா தரும். அது பெரிய வருமானம் ஆகாது, துணை வருமானந்தான். தேயிலை விலைக்கான போராட்டத்துக்கு மாற்றும் ஆகாது. ஆனால் நிலம் கையைவிட்டுப் போகாது.

இரண்டாவது எதிர்வாதம்: அமைதி என்பது வசதியுள்ளவர்களின் ரசனை, உழைக்கிற குடும்பம் ஆண்டுக்கொரு முறை வருகிறது, அதற்குக் கேளிக்கை வேண்டும், அதைக் குறைசொல்ல நீ யார்? குறைசொல்லவில்லை. கேளிக்கைக்கு ஊட்டி இருக்கிறது, கோவையிலும் பூங்காக்கள் இருக்கின்றன. எல்லா ஊரும் அதையே தர வேண்டும் என்கிறபோதுதான் மறுக்கிறேன். பணக் கணக்கில் பார்த்தாலும் இந்த வாதம் தலைகீழானது. பொழுதுபோக்குத் தளத்தில் ஆளுக்கு ஒரு டிக்கெட் என்று ஐந்து பேர் குடும்பம் கொடுக்கிற தொகையில் கோத்தகிரியில் ஒரு நாள் தங்கிச் சாப்பிட்டுவிடலாம். பாதையில் நடக்கக் காசே கிடையாது. இ-பாஸ் கெடுபிடியும் சொந்த வண்டிக்குத்தான், அரசுப் பேருந்தில் வருகிறவருக்கு அது தேவையில்லை. கார் இல்லாத குடும்பத்துக்கு நீலகிரியில் மிச்சமிருக்கிற எளிய வழி, மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறிக் கோத்தகிரியில் இறங்குவது.

ஆனால் இந்த எதிர்வாதம் தொடுகிற ஓர் ஆபத்து மெய்யானது, அதை மூடி மறைக்கக் கூடாது. அமைதியைக் காப்பதாகச் சொல்லியே அதை வேலி போட்டு விற்கிற வியாபாரம் வளர்ந்திருக்கிறது. ஒரு குன்றை வாங்கி, சுற்றிலும் சுவர் எழுப்பி, உள்ளே நீச்சல் குளம் வெட்டி, இரவுக்குப் பல ஆயிரம் வாங்கிக்கொண்டு, ‘கூட்டமில்லாத மலை’ என்று விளம்பரம் செய்கிறார்கள். ஊர்க்காரர் தலைமுறையாக நடந்த தடம் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. கீழ்ப்பக்க ஊரின் ஊற்றில் தண்ணீர் குறைகிறது. கண்ணாடிப் பாலத்தை எதிர்க்கிற கையோடு இதையும் எதிர்க்காவிட்டால் என் வாதத்துக்கு நேர்மை இல்லை. இரண்டுமே பொதுவாக இருந்ததை எடுத்து விலைப்பொருளாக்குகின்றன. முன்னது இரைச்சலாக, பின்னது ஓசைப்படாமல்.

மூன்றாவதாகக் கேட்கப்படுவது: நடப்பவர்கள் மட்டும் கெடுக்க மாட்டார்களா? கெடுப்பார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை மறக்க முடியாது. அதன்பிறகுதான் மலையேற்றத்துக்கு மாநில அளவில் விதிகள் வந்தன. கோத்தகிரியில் காட்டுமாடு தேயிலைக்கு நடுவே நிற்பது அன்றாடக் காட்சி. கரடி இரவில் கோயில் கதவைத் தள்ளி விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது. அதைப் படம்பிடிக்க நெருங்குகிற பயணி தன் உயிரோடு ஊரின் நிம்மதியையும் பணயம் வைக்கிறார். எனவே கட்டுப்பாடு வேண்டும். எங்கே தனியாகப் போகலாம், எங்கே வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்பது தெளிவாக இருக்க வேண்டும். தோட்டத் தடம் வேறு, சோலை வேறு. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் லாங்வுட் சோலையும், இருளர் ஊரான கரிக்கையூரிலிருந்து பொரிவரைப் பாறை ஓவியங்களுக்கும் ரங்கசாமி சிகரத்துக்கும் போகும் பாதைகளும் இருக்கின்றன. அந்தந்தப் பகுதி இளைஞர்களே வழிகாட்டிகள். கட்டணம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது என்ற குறை நியாயமானது, அது குறைக்கப்பட வேண்டும். ஆனாலும் எண்ணிக்கையை வரம்பிட்டு, காட்டை அறிந்தவரின் பின்னால் அனுப்புகிற முறை சரியானது. நடையின் தீங்கை இப்படி அளவாக வைக்க முடியும். கான்கிரீட் போட்டபின் அந்தச் சரிவை யாராலும் பழையபடி ஆக்க முடியாது.

கோத்தகிரிக்குப் பணம் ஒதுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர் ஊராகப் போகிற பொதுத்தடங்களை வரைபடத்தில் ஏற்றி, எந்த ரிசார்ட்டும் மறிக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பு தர வேண்டும். பிரியும் இடங்களில் ஊர்ப்பெயரும் தூரமும் எழுதிய கல் நட வேண்டும். பெண்கள் தயங்காமல் போகக்கூடிய சுத்தமான கழிப்பறைகள் நான்கைந்து இடங்களிலாவது வேண்டும்; தோட்டத் தொழிலாளிப் பெண்களுக்கும் அவை உதவும். ஓர் அறை, இரண்டு அறை வாடகைக்கு விட நினைக்கிற ஊர்க்காரருக்கு உரிமம் எளிதாகக் கிடைக்க வேண்டும், ஐம்பது அறைக்காரருக்குக் கடினமாக வேண்டும். கோடநாட்டுக்கும் கீழ்க்கோத்தகிரிக்கும் காலையில் ஒரு கூடுதல் பேருந்தும், இருட்டுவதற்கு முன் திரும்ப ஒன்றும் விட்டால், நடக்க வருகிறவர் டாக்சி தேட வேண்டியதில்லை. பள்ளி விட்டுத் திரும்பும் பிள்ளைகளுக்கும் உட்கார இடம் கிடைக்கும். அந்தப் பேருந்துகளின் நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கோத்தகிரி பேருந்து நிலையத்தில் மாட்டுவதை இந்த மாதமே செய்யலாம்.